கேள்வி பதில்: ஓ-பிரியோன் தோட்டமும் அதன் சிவப்பு ஒயினும்

போன இதழில் பிரான்ஸின் போர்டோ பகுதியைப் பற்றிப் பேசும்போது ஷாட்டோ ஓ-பிரியோன் என்ற பழைய திராட்சைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தேன். நாலைந்து வகைத் திராட்சையைக் கலந்துதான் அங்கே சிவப்பு ஒயின் செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை எல்லாக் கேள்வியும் அதைப் பற்றியே.

போர்டோவில் தோட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்கிறீர்கள். ஓ-பிரியோனுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

தோட்டத்தின் பெயரைச் சொல்லியே ஒயின் விற்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது இந்தத் தோட்டம்தான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் காரணமும் அதற்குப் பிறகுதான்.

போர்டோ அடங்கிய அக்விதேன் சீமையின் வாரிசு எலினோர் 1152-ல் ஹென்றியை மணந்தார், அவர் இரண்டு வருடத்தில் இங்கிலாந்து அரசரானார். அதிலிருந்து 1453 வரை போர்டோ ஆங்கிலேயர் கையில். கப்பல் கப்பலாக ஒயின் லண்டனுக்குப் போனது. ஆனால் அது வெளிறிய சிவப்பில் இருக்கும், அடுத்த அறுவடை வருவதற்குள் குடித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு. யார் தோட்டத்தில் விளைந்தது என்று யாரும் கேட்டதில்லை, போர்டோ சரக்கு என்றால் போதும்.

ஓ-பிரியோன் கதை 1525-ல் ஆரம்பிக்கிறது. ழான் தெ பொன்டாக் என்பவருக்கு, கல்யாணத்தின்போது பெண் வீட்டுச் சீதனமாக போர்டோ நகரத்துக்கு வெளியே பெசாக் என்ற ஊரில் நிலம் வருகிறது. அவர் அதைச் சுற்றி மேலும் வாங்கிச் சேர்க்கிறார், 1549-ல் மாளிகை கட்டத் தொடங்குகிறார், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து தன் காலத்திலேயே தோட்டத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் வந்த அர்னோ தெ பொன்டாக், போர்டோ நீதிமன்றத்தின் தலைவர், செல்வாக்கான மனிதர். இவர் காலத்தில்தான் ஒயினைப் பீப்பாயில் பொறுமையாக வைத்திருப்பது, ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது நிரப்புவது, அடியில் தங்கும் கசடை விட்டுத் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவது எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிறம் கூடியது, நாள்பட்டும் கெடாமல் நின்றது.

1663 ஏப்ரல் 10-ம் தேதி லண்டன் லொம்பார்ட் தெருவில் ஒரு மதுக்கடையில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி இதைக் குடித்துவிட்டு, இதுவரை எங்கும் சந்திக்காத, தனக்கென்று ஒரு தனி ருசி உள்ள பிரெஞ்சு ஒயின் என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தோட்டத்தின் பெயரைக் காதில் விழுந்தபடி ஏதோ ஓர் எழுத்துக்கூட்டலில் எழுதினார். ஒரு தோட்டத்தின் பெயரோடு ஒயினை ருசித்துச் சொன்ன மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. மூன்று வருடத்தில், 1666-ல், லண்டன் பெருந்தீயில் நகரமே எரிந்து போனது. அர்னோ உடனே தன் மகனை அங்கே அனுப்பி, பொன்டாக் பெயரிலேயே ஒரு உணவு விடுதி திறக்க வைத்தார். நல்ல சாப்பாடு, கூடவே சொந்தத் தோட்டத்து ஒயின். லண்டன் பிரமுகர்கள் அங்கே குவிந்தார்கள். ராயல் சொசைட்டி அறிஞர்கள் பல வருடம் தங்கள் ஆண்டு விருந்தை அங்கேதான் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்தின் பெயருக்கு மதிப்பு உண்டு என்பதை அந்தக் காலத்திலேயே இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட ஒரு குடும்பத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஒரே திராட்சையில் செய்தால்தானே சுத்தமான ஒயின்? கலந்தால் அது கலப்படம் இல்லையா?
(கல்லூரி மாணவி)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பழங்களைப் பார்ப்போம். கேபர்னே சோவின்யோன் சின்னக் காய், தோல் தடிமன், விதையும் சாறின் அளவுக்கு அதிகம். அதனால் நிறமும் துவர்ப்பும் நிறைய. ஆனால் தாமதமாகத்தான் பழுக்கும், வெயில் பற்றாத வருடத்தில் பச்சைக் குடைமிளகாய் வாசனை அடிக்கும். மெர்லோ அதற்கு நேரெதிர். பருத்த மென்மையான பழம், ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே பழுத்துவிடும், சர்க்கரை அதிகம், குடித்தால் நாக்கில் வழுவழுவென்று இறங்கும். ஆனால் அது துளிர் விடுவதும் சீக்கிரம், ஏப்ரலில் பனி விழுந்தால் முதலில் கருகுவது அதுதான். கேபர்னே ஃபிரான் இவ்வளவு வலுவானது இல்லை, அதன் சொத்து வாசனை. பெத்தி வெர்டோ மிகத் தாமதமாகப் பழுக்கும், பழுத்த வருடத்தில் ஒரு சொட்டுச் சேர்த்தாலே நிறமும் காரமும் தெரியும். மால்பெக்கும் கார்மெனேரும் ஒரு காலத்தில் போர்டோவில் நிறைய இருந்தன, இப்போது மிகச் சொற்பம்.

இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. மரபணுச் சோதனை வந்த பிறகு, கேபர்னே சோவின்யோனின் பெற்றோர் கேபர்னே ஃபிரானும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும்தான் என்று 1990-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். மெர்லோவுக்கும் ஒரு பெற்றோர் அதே கேபர்னே ஃபிரான்தான். ஆக ஒரு கிளாஸ் போர்டோ ஒயினில் சேர்வது ஏற்கெனவே ஒரே குடும்பம்.

இப்போது விவசாயி பக்கம் வாருங்கள். போர்டோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கம். ஒரு வருடம் பூக்கும் நேரத்தில் மழை, இன்னொரு வருடம் அறுவடையில் மழை, மற்றொரு வருடம் வசந்தத்தில் பனி. ஒரே வகையை நட்டால் ஒரே இரவில் எல்லாம் போய்விடலாம். வெவ்வேறு நேரத்தில் துளிர்த்து வெவ்வேறு நேரத்தில் பழுக்கும் வகைகளை நட்டால் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். கலவை என்பது முதலில் அந்தப் பயத்திலிருந்து பிறந்தது. அதுவே ருசியானது அப்புறம். கேபர்னே எலும்பு, மெர்லோ சதை என்று வைத்துக்கொண்டால் ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது என்பது விளங்கும்.

கலப்படம் என்றால் எது தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்களுக்குக் கனமான ஒயின் பிடிக்கும் என்று போர்டோ வியாபாரிகள் நல்ல நல்ல தோட்டத்து ஒயினிலேயே கிழக்கே ரோன் பள்ளத்தாக்கின் எர்மிதாஜ் ஒயினையும் ஸ்பெயின் ஒயினையும் ஊற்றி ‘வலு’ ஏற்றினார்கள். அதை வெளிப்படையாகவே செய்தார்கள், விலையும் கூட்டி விற்றார்கள். அது வெளியூர்ச் சரக்கு, போர்டோ என்ற பெயரில். இதையெல்லாம் தடுக்கத்தான் 1905-ல் உணவு மோசடிக்கு எதிரான சட்டமும், 1911-ல் போர்டோவின் எல்லையும், 1935-ல் இன்ன இடத்தில் இன்ன திராட்சையில் இன்ன முறையில் செய்தால்தான் இன்ன பெயர் என்ற கட்டுப்பாடும் வந்தன. இன்றைக்கு ஓ-பிரியோன் பாட்டிலுக்குள் இருப்பது அந்தத் தோட்டத்துக் கொடிகளின் பழம் மட்டுமே, சட்டம் அனுமதித்த வகைகள் மட்டுமே. அதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஓ-பிரியோனில் எந்தத் திராட்சை எத்தனை சதவீதம்?

தோட்டத்தில் நட்டிருப்பது மெர்லோவும் கேபர்னே சோவின்யோனும் ஏறத்தாழ சம அளவு, கேபர்னே ஃபிரான் பத்தில் ஒரு பங்கு போல, பெத்தி வெர்டோ சொற்பம். பாட்டிலுக்குள் போகும் அளவு வருடத்துக்கு வருடம் மாறும். நிரந்தரமான சூத்திரம் எதுவும் கிடையாது. போர்டோவிலேயே மெடோக் என்ற பகுதியின் புகழ்பெற்ற தோட்டங்களில் கேபர்னே சோவின்யோன்தான் ஓங்கி நிற்கும், ஓ-பிரியோனில் மெர்லோவுக்கு அதிக இடம். இதுதான் இதன் ருசியில் பெரிய வித்தியாசம்.

அந்தக் கலவையை யார், எப்போது, எப்படி முடிவு செய்கிறார்கள்? ருசி பார்த்தா, கருவி வைத்தா?
(வேதியியல் படித்தவர்)

கருவி உண்டு. சர்க்கரை, அமிலம், ஆல்கஹால் எல்லாம் அளப்பார்கள். முடிவு நாக்கில்தான்.

அறுவடையில் இருந்தே பார்த்தால்தான் புரியும். தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன வயல்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் மண் கொஞ்சம் வேறு, கொடியின் வயது வேறு, பழுக்கும் நாள் வேறு. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்க மாட்டார்கள், பறித்ததை ஒரே தொட்டியில் கொட்டவும் மாட்டார்கள். சாறு, தோல், விதை எல்லாம் சேர்ந்து தொட்டியில் நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து கெட்டியான ஆடை மாதிரி மூடிக்கொள்ளும். அடியிலிருந்து சாறை எடுத்து மேலே ஊற்றி ஊற்றி அந்தத் தோலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சாறை வடித்துவிட்டு, மிச்சத் தோலைப் பிழிந்தால் வருவது பிழி ஒயின். கறுப்பாக, கடுப்பாக இருக்கும். அதையும் தனியாக வைப்பார்கள்.

ஆக, குளிர்காலம் வரும்போது நிலவறையில் ஒரே தோட்டத்தின் ஒயின் பல தொட்டிகளில், பல குணங்களில் இருக்கும். அப்போதுதான் மேசையில் உட்காருகிறார்கள். எண் மட்டும் எழுதிய மாதிரி பாட்டில்கள், ஒரு அளவுக் குடுவை, கிளாஸ்கள், துப்புவதற்கு ஒரு பாத்திரம். இதில் நாற்பது, அதில் ஐம்பது, இன்னொன்றில் பத்து என்று அளந்து ஊற்றி, முகர்ந்து, வாயில் சுழற்றி, துப்பி, குறிப்பு எழுதி, மறுபடியும் வேறு அளவில். தனியாகக் குடித்தால் பிரமாதமாக இருக்கிற ஒரு தொட்டி கலவையில் போட்டதும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தனியாக நிற்கவே முடியாத ஒன்று, இரண்டு சதவீதம் சேர்த்ததும் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் ஒரு தோட்டத்தின் நேர்மை தெரியும் என்பது என் கருத்து. தகுதி இல்லை என்று தோன்றிய தொட்டி, அதே தோட்டம் வேறு பெயரில் குறைந்த விலைக்கு விற்கும் இரண்டாம் ஒயினுக்குப் போகும், அதற்கும் ஆகாதது மொத்த வியாபாரிக்குப் போகும். ஒவ்வொரு லிட்டரையும் பெரிய பெயரில் விற்றால் வருகிற பணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டே அதை விடுகிறார்கள். நான் இந்தத் தோட்டத்தை மதிப்பது இதற்காகத்தான்.

அப்புறம் பீப்பாய். ஓக் மரம், 225 லிட்டர், 300 பாட்டிலுக்குச் சமம். ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை அதில் இருக்கும். போர்டோவின் பழைய முறைப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பீப்பாய் மாற்றுவார்கள். இந்த வேலையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒயின் மெல்ல வடிந்துகொண்டிருக்கும், தொழிலாளி ஒரு கிளாஸில் கொஞ்சம் பிடித்து மெழுகுவர்த்திச் சுடருக்கு முன்னால் வைத்துப் பார்ப்பார். தெளிவாக இருக்கும்வரை ஓடவிடுவார். வண்டல் ஒரு நூல் மாதிரி கிளாஸில் தெரிய ஆரம்பித்த அந்த நொடியில் நிறுத்திவிடுவார். கடைசியில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவதும் உண்டு, ஒரு பீப்பாய்க்கு ஐந்து ஆறு முட்டை. அது அதிகப்படித் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும்.

1855 தரவரிசை என்று எல்லா இடத்திலும் போடுகிறார்களே, அது என்ன? நூற்றெழுபது வருடப் பட்டியலை இன்னும் நம்பலாமா?

1855-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. மூன்றாம் நெப்போலியன் போர்டோ ஒயின்களைக் காட்சிக்கு வைக்கச் சொல்ல, போர்டோ வணிகச் சபை தரகர்களிடம் பட்டியல் கேட்டது. தரகர்கள் உட்கார்ந்து ருசி பார்க்கவில்லை. பல வருடங்களாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று அவர்கள் கணக்கில் இருந்தது, அதையே ஐந்து படிகளாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிவப்பில் முதல் படியில் நான்கே பெயர்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். மற்ற எல்லாச் சிவப்பும் மெடோக் பகுதி, ஓ-பிரியோன் மட்டும் பெசாக் அடங்கிய கிராவ் பகுதி. விட்டுவிட முடியாத அளவுக்கு விலையும் பெயரும் அதற்கு இருந்தன, அதனால்தான் எல்லை தாண்டிச் சேர்த்தார்கள். பின்னால் 1950-களில் கிராவ் பகுதிக்குத் தனிப் பட்டியல் வந்தபோது அதிலும் ஏறியது. இரண்டு பட்டியலிலும் இருக்கும் தோட்டம் இது ஒன்றுதான்.

அந்த நான்கு பெயரையும் 1787-லேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சன், அப்போது பிரான்ஸில் அமெரிக்கத் தூதர். போர்டோ வந்து பார்த்து இந்த நான்கையும் முதல் தரம் என்று குறித்துக்கொண்டார், ஓ-பிரியோனின் 1784 விளைச்சலை வாங்கி ஊரில் இருந்த மைத்துனருக்கும் அனுப்பினார்.

நம்பலாமா என்றால், முதல் படியை நம்பலாம். கீழ்ப் படிகளில் பெயரைவிட இப்போதைய உழைப்பைப் பார்த்து வாங்குவதுதான் சரி. சில தோட்டங்கள் படியைவிட உயர்ந்துவிட்டன, சில இறங்கிவிட்டன. பட்டியல் மட்டும் அசையவில்லை. முதல் படியில் நடந்த ஒரே மாற்றம் 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டத்தை அதில் ஏற்றியது.

தோட்டம் எப்போதும் ஒரே குடும்பத்திடம்தான் இருந்ததா?

இல்லை. பொன்டாக் வழியில் வந்த ஜோசப் தெ ஃபுமெல் புரட்சிக் காலத்தில், 1794-ல், கில்லட்டினில் தலை இழந்தார். 1801-ல் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிரான் வாங்கி மூன்றே வருடத்தில் விற்றார். 1836-ல் லாரியூ குடும்பம் வாங்கியது, 1855 பெருமை அவர்கள் காலத்தில்தான். அப்புறம் கொடியின் வேரை அழிக்கும் வேர்ப்பேன் என்ற பூச்சி, பூஞ்சணம், உலகப் போர், விலை வீழ்ச்சி. 1935-ல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் வாங்கினார். இன்றைக்கும் அவர் குடும்பம்தான், இப்போது லக்ஸம்பர்க் இளவரசர் ராபர்ட் தலைமையில் நடக்கிறது.

உரிமையாளர் பெயரைவிட நான் முக்கியமாக நினைப்பது டெல்மாஸ் குடும்பத்தை. ஜோர்ஜ் டெல்மாஸ் 1920-களில் நிர்வாகத்துக்கு வந்தார், 1961-ல் மகன் ழான்-பெர்னார், அவருக்குப் பின் பேரன் ழான்-பிலிப். ழான்-பெர்னார் பிறந்ததே அந்தத் தோட்டத்தில். எந்த மூலையில் எந்தக் கொடி எப்போது பழுக்கும் என்பதை அப்பா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து மூன்று தலைமுறை ஓடியிருக்கிறது.

இவ்வளவு பாரம்பரியம் பேசும் இடத்தில் ஸ்டீல் தொட்டி என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான், அதுவும் 1961-லேயே. முதல் படித் தோட்டங்களில் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் நொதிக்க வைத்த முதல் இடம் ஓ-பிரியோன். ழான்-பெர்னார் பொறுப்பேற்ற கையோடு செய்தார். பழைய மரத்தொட்டியில் சூடு ஏறினால் அடக்குவது கஷ்டம். அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஈஸ்ட் செத்துப்போகும், நொதித்தல் பாதியில் நின்று ஒயின் புளித்துக் கெடும். எஃகுத் தொட்டியின் வெளியே குளிர்ந்த நீரை ஓடவிட்டாலே போதும். மூன்று வருடம் கழித்து லத்தூரும் அதே வழிக்கு வந்தது. 1970-களில் ழான்-பெர்னார் தோட்டத்திலேயே நூற்றுக்கணக்கான கொடி வகைகளைத் தனித்தனியே வளர்த்து, எந்தக் கொடியின் வாரிசு எந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்தார்.

மண்தான் முக்கியம் என்கிறார்கள். அப்படி என்ன மண் அது?
(விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்)

பார்த்தால் ஏமாந்து போவீர்கள். தத்துவ அறிஞர் ஜான் லாக் 1677-ல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வெள்ளை மணலும் கொஞ்சம் சரளையும், இதில் எதுவும் விளையும் என்றே தோன்றாது என்ற பொருளில் குறித்துவைத்தார். அந்தச் சரளைதான் விஷயம். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும், அடியில் களிமண்ணும் மணலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், கொடி தண்ணீரைத் தேடி வேரை ஆழமாக விட்டே ஆக வேண்டும். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். கொழுத்த மண்ணில் இலைதான் செழிக்கும், இந்த ஏழை மண்ணில் கொடி தன் சக்தியைக் கொஞ்சமான பழத்துக்குள் வைக்கும். தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர். இன்றைக்கு நகரம் வளர்ந்து தோட்டத்தைச் சுற்றி வீடும் சாலையுமாகிவிட்டது. நகரத்தின் கதகதப்பால் இங்கே மெடோக்குக்கு முன்னதாகவே பழுக்கும்.

சாலைக்கு அந்தப் பக்கம் லா மிசியோன் ஓ-பிரியோன் என்று ஒரு தோட்டம், புரட்சிக்கு முன்னால் பாதிரிமார்கள் நடத்தியது. 1983-ல் அதையும் டில்லன் குடும்பம் வாங்கிவிட்டது. ஆட்கள் ஒன்று, முறை ஒன்று, நடுவில் ஒரு சாலை மட்டும், ஆனால் ருசி வேறு. அது இன்னும் அழுத்தமானது, இது நயமானது. மண்ணைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

தோட்டத்துக்கு அடிக்கும் போர்டோ கலவைக்கும் இந்த போர்டோவுக்கும் சம்பந்தம் உண்டா?

அதே போர்டோதான். மெடோக்கில் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் திருடாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பது வழக்கம், நீலம் பாரித்திருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். 1882-ல் தோட்டமெல்லாம் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்ந்து நிற்க, அந்தச் சாலையோர வரிசை மட்டும் பச்சையாக இருந்ததை போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். சோதித்து 1885-ல் வெளியிட்டார், அதுதான் நீங்கள் அடிக்கும் போர்டோ கலவை. அதற்குச் சற்று முன்னால் வந்த வேர்ப்பேனுக்கு மருந்து எதுவும் பலிக்கவில்லை, அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். இன்றுவரை போர்டோவில் அநேகமாக எல்லாக் கொடியும் அப்படித்தான் நிற்கிறது.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

அதற்காகக் குடிக்காதீர்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள், இந்தக் கதைகளைத் தெரிந்துகொள்ளக் குடிக்க வேண்டியதில்லை.

பிரான்ஸில் வேலை பார்க்கிறேன். ஓ-பிரியோன் பாட்டில் சில நூறு யூரோ. அவ்வளவு கொடுக்காமல் அந்த ருசியை அறிய வழி உண்டா?

இரண்டாம் ஒயின் லெ கிளாரன்ஸ் தெ ஓ-பிரியோன். 2007 விளைச்சலுக்கு முன்னால் பான் ஓ-பிரியோன் என்ற பெயரில் வந்தது. அதுவும் மலிவில்லை. அதைவிட நல்ல யோசனை, பெசாக்-லெயோன்யான் என்று லேபிளில் போட்ட மற்ற தோட்டங்களைத் தேடுங்கள். 1987-ல் கிராவ் பகுதியின் வடபாகத்துக்குக் கொடுத்த தனிப் பெயர் அது. புகை, புகையிலை, வெயிலில் சுட்ட செங்கல் மாதிரியான வாசனை அந்தப் பகுதிக்கே உரியது, சாதாரண விலைப் பாட்டிலிலும் தெரியும். வாங்கியதும் திறக்காமல் ஐந்தாறு வருடம் இருட்டில், குளிர்ச்சியில் படுக்க வையுங்கள். பழைய பாட்டில் என்றால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெயில் கூடிக்கொண்டே போகிறதே, இந்தக் கலவை இப்படியே இருக்குமா?

மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் போர்டோ சிவப்பு 12 சதவீதம் ஆல்கஹாலைச் சுற்றி இருக்கும், இப்போது 14 சாதாரணம். பழம் நன்றாகப் பழுப்பதால் சர்க்கரை ஏறுகிறது. கேபர்னே பழுக்குமோ பழுக்காதோ என்று கவலைப்பட்ட இடத்தில் இப்போது மெர்லோ அளவுக்கு மிஞ்சிப் பழுத்துவிடுமோ என்பது கவலை. சீக்கிரமே துளிர்ப்பதால் பனி ஆபத்தும் குறையவில்லை, 2017 ஏப்ரலில் ஒரு சில இரவுகளில் போர்டோவின் விளைச்சலில் பெரும் பங்கு போனது. 2021-ல் பொதுவான போர்டோ பெயருக்கு மட்டும் வெயில் தாங்கும் நான்கு புதிய சிவப்பு வகைகளை அனுமதித்தார்கள்: போர்ச்சுகலின் தூரிகா நசியோனால், மார்செலான், அரினர்னோவா, காஸ்தேத்ஸ். ஒரு தோட்டத்தில் 5 சதவீத நிலத்துக்கு மேல் நடக்கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பெசாக்-லெயோன்யான் பெயருக்கு இந்த அனுமதி இல்லை, ஆகவே ஓ-பிரியோன் பழைய வகைகளை வைத்தேதான் சமாளிக்க வேண்டும். கேபர்னே ஃபிரானும் பெத்தி வெர்டோவும் முன்பைவிட ஒழுங்காகப் பழுக்கின்றன. வரும் வருடங்களில் போர்டோ கலவைகளில் அந்த இரண்டின் பங்கு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள், நானும் பார்க்கிறேன்.